சாவி யார் பையில் இருக்கிறது

1

பிள்ளைகளே, அமெரிக்காவைப் பற்றி ஏதாவது எழுது என்று என் நண்பர் ரொம்ப நாளாகக் கேட்கிறார். கடலூர் முதுநகரில் உங்களுக்காகச் சின்ன இதழ் நடத்துகிறாரே, அவர்தான். எதை எழுதுவது? பனி கொட்டுவதை நீங்கள் என்னைவிட நன்றாகப் போனில் பார்த்திருக்கிறீர்கள். உயரமான கட்டடங்களைப் பற்றி எழுதலாம் என்றால், நான் அவற்றை வெளியே நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி.

போன வாரத்தோடு நாங்கள் நியூ ஜெர்சிக்கு வந்து பன்னிரண்டு வருடம் முடிந்தது. கொண்டாட்டம் ஒன்றும் இல்லை. என் மனைவி செல்வி உப்புமா கிண்டினாள். அதைச் சாப்பிட்டுக்கொண்டே, இத்தனை வருடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி என்ன நடந்தது என்று யோசித்தேன். ஒரு கவிதைதான் ஞாபகத்துக்கு வந்தது.

சிரிக்க வேண்டாம். கவிதைக்கும் எனக்கும் தூரம் அதிகம் என்பது எனக்கே தெரியும். நான் பத்தாவது படித்தவன். பரீட்சையில் எதுகை மோனை கேட்டால், மோனையை நானே எழுதிவிட்டு எதுகைக்குப் பக்கத்துப் பையனைப் பார்ப்பேன். அவன் என் மோனைக்காகக் காத்திருப்பான். அப்படித் தேறியவன் நூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய அமெரிக்கக் கவிதையைப் பற்றி எழுத வந்திருக்கிறான் என்றால், அதற்குக் காரணம் என் மகள் யாழினி. அவளுக்கு நான் உதவி செய்யப் போனேன். அந்த உதவி எப்படிப்பட்டது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

2

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நான் எப்படித் தப்பு செய்தேன் என்பது உங்களுக்குப் புரியாது.

நான் முதுநகர்க்காரன். கல்யாணத்துக்குப் பிறகு செல்வியின் ஊரான சிதம்பரத்தில் குடியேறி, மைக் ஆட்டோவில் அறிவிப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆட்டோவின் கூரையில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். ஒன்று முன்னால் பார்க்கும், மற்றது பின்னால். செல்வியின் தம்பி குமரேசன் வண்டி ஓட்டுவான். நான் பின்சீட்டில் மைக்கோடு உட்கார்ந்திருப்பேன். துணிக்கடைத் தள்ளுபடி, குடிநீர் நிறுத்தம், கட்சிக் கூட்டம், காதுகுத்து, சாவு, எல்லாம் எங்கள் வாய்வழியாகத்தான் ஊருக்குப் போகும்.

இந்தத் தொழிலில் ஒரு சங்கடம் உண்டு. வண்டி நகர்ந்துகொண்டே இருக்கும். வாசல் கூட்டிக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவுக்கு நான் சொல்வதில் மூன்று வரிதான் காதில் விழும். அதற்குள் வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விடும். அதனால் எந்த மூன்று வரியைக் கேட்டாலும் விஷயம் முழுதும் விளங்க வேண்டும். ஒவ்வொரு வரியையும் ஒரே மாதிரி தொடங்குவேன். ஒரு மூச்சுக்கு ஒரு வரி. எதுகை இருக்காது, சந்தம் இருக்காது. ஆனால் ஒரு ஓட்டம் இருக்கும்.

இன்னொரு பழக்கமும் உண்டு. கையில் கொடுக்கும் தாளில் கடைசி வரியைத்தான் நான் முதலில் படிப்பேன். நம் ஊரில் அறிவிப்பு எழுதிக் கொடுப்பவர்களை உங்களுக்குத் தெரியுமே. ‘அன்பும் பண்பும் நிறைந்தவரும், ஊர் மெச்சும் உத்தமரும், இன்னாரின் தந்தையும் இன்னாரின் மாமனாருமாகிய’ என்று தொடங்கிப் பக்கம் நிறைய எழுதியிருப்பார்கள். அந்த உத்தமருக்கு மணிவிழாவா, அல்லது அவர் போய்விட்டாரா என்பது கடைசி வரியில்தான் இருக்கும். அதைப் பார்க்காமல் குரலைத் திறந்தால் அடிதான் விழும்.

இப்போது பெரிய மளிகைக் கிடங்கு ஒன்றில் வேலை. செல்வி நர்ஸ். அவளுக்கு இங்கே வேலை கிடைத்தது, நான் கவரில் ஒட்டிய தபால்தலை மாதிரி கூடவே வந்தேன். கிடங்கில் எல்லாருக்கும் காதில் ஒரு கருவி மாட்டி விடுவார்கள். எந்த வரிசை, எந்தத் தட்டு, எத்தனை பெட்டி என்று அது சொல்லும். பாலைச் சொல்வதும் பினாயிலைச் சொல்வதும் அதற்கு ஒரே குரல்தான். பேசுவதையே தொழிலாக வைத்திருந்தவன் நான். இப்போது அது பேசுகிறது, நான் பெட்டியை எடுக்கிறேன்.

3

யாழினிக்குப் பதினேழு வயது. இங்கே வரும்போது ஐந்து. ஆங்கிலம் ஒரு சொல்கூடத் தெரியாது. மற்ற பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து கதை கேட்கும் நேரத்தில், ஒரு அம்மா வந்து இவளை மட்டும் எழுப்பிப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார். இரண்டு வருடம் அப்படி நடந்தது. நல்லதுக்குத்தான் செய்தார்கள். நல்ல அம்மா, இவளுக்கு மிட்டாயெல்லாம் கொடுப்பார். ஆனால் வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க எழுந்து போனதை இவள் மறக்கவில்லை.

இப்போது அவள் ஆங்கிலத்தில் பேசினால் எனக்கு முக்கால்வாசி புரியாது. தமிழில் பேசினால் அவளுக்கே கால்வாசி வராது. இடையில் இருப்பதை வைத்துக் குடும்பம் நடத்துகிறோம்.

இவள் பள்ளியில் அடுத்த வருடம் உயர் ஆங்கில வகுப்பு என்று ஒன்று உண்டு. கேட்டவர்கள் ஏராளம், இடம் கொஞ்சம். கேட்கிற ஒவ்வொருவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கவிதை ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். அதன் படிமம் என்ன, தொனி என்ன, வடிவம் என்ன என்று ஆராய்ந்து எழுத வேண்டும். பிறகு அதை ஆசிரியை முன்னால் ஒரு தடவையும், பெற்றோர் கூடும் மாலையில் ஒரு தடவையும் வாய்விட்டு வாசிக்க வேண்டும். இடம் உண்டா இல்லையா என்பது அந்த மாலை வாசிப்பைப் பொறுத்தது.

“கிடைக்கலன்னா என்னம்மா, வேற கிளாஸ் இல்லியா?” என்று ஒரு நாள் கேட்டேன்.

“இருக்கு. எனக்கு இதுலதான் உக்காரணும்,” என்றாள். “என்னை யாரும் வந்து அங்கேர்ந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போகக் கூடாது.”

அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

4

அவள் எடுத்த கவிதையை எழுதியவர் பெயரை நான் சொன்னால், என் உச்சரிப்பைக் கேட்டு அவள் சிரிக்கிறாள். அதனால் பெயரை விட்டுவிடுகிறேன். விஷயம் இதுதான். ஒரு ஆள் விடிகாலையில் ஒரு தெரு வழியே நடந்து போகிறார். ஒவ்வொரு வாசலிலும் இருப்பவருக்குக் காலை வணக்கம் சொல்கிறார். ரொட்டி சுடுகிறவனுக்கு வணக்கம், அவன் முழங்கை வரை மாவு. வண்டிக் குதிரைக்கு வணக்கம், அது விடும் மூச்சு குளிரில் வெள்ளையாக எழும்புகிறது. பலகை இழைக்கும் தச்சனுக்கு வணக்கம், மரச்சுருள் அவன் காலடியில் குவிகிறது. கோழியோடு சண்டை போடும் கிழவருக்கு வணக்கம். ஜன்னலில் தலை வாரும் பெண்ணுக்கு வணக்கம். இப்படியே போய்க் கடைசி வரியில் அவர் வீடு வருகிறது. அந்த வரியில் மட்டும் வணக்கம் இல்லை. ‘இது என் வீட்டுக் கதவு, சாவி என் பையிலேயே இருக்கிறது’ என்று முடிந்துவிடுகிறது.

முழங்கை மாவு, குதிரையின் மூச்சு என்று நம் கண்முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறதே, அதுதான் படிமம். எதுகையும் இல்லாமல், இத்தனை சீர் என்ற கணக்கும் இல்லாமல், மூச்சுக்குத் தக்கபடி வரி நீண்டும் குறைந்தும் போவது கட்டற்ற கவிதை. தொனி என்பது, சொல்கிறவன் எந்தக் குரலில் சொல்கிறான் என்பது. கிடங்கில் என் காதில் பேசுகிற கருவிக்கு இல்லாதது எதுவோ, அதுதான் தொனி என்று வைத்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் யாழினி எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

ஆனால் அவள் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே நான் தாளை எடுத்துவிட்டேன். மேசை மேல் இருந்தது. பழக்க தோஷம், கடைசி வரியைப் படித்தேன். ஆங்கிலம் எளிமையாகத்தான் இருந்தது.

“யாழினி, இது சாவு வூடும்மா,” என்றேன்.

“எது?”

“இந்தப் பாட்டு. இவரு சம்சாரம் போயிடுச்சு.”

“அப்பா, அதுல அப்படி ஒண்ணுமே இல்ல. சாவி பாக்கெட்ல இருக்கு, அவ்ளோதான். சொந்த வீடு, சொந்த சாவி. அவரு ஃப்ரீயா, சந்தோஷமா இருக்கார். நான் கான்ஃபிடென்ட் டோன்னு எழுதி வச்சிருக்கேன்.”

“ஆள் இருக்கற வூட்டுக்கு எவனாவது சாவி எடுத்துட்டுப் போவானா? கதவைத் தட்டுனா உள்ள இருக்கறவங்க தொறக்கப் போறாங்க. சாவி நம்ம பையில இருக்குன்னா உள்ள ஆள் இல்லன்னு அர்த்தம்.”

“நான் எடுத்துட்டுப் போறேனே,” என்றாள். “ஒன்பது வயசுலேர்ந்து.”

அவள் சொன்னதில் குத்தல் எதுவும் இல்லை. மழை பெய்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அது உண்மையும்தான். செல்வி ஆஸ்பத்திரியில் இருப்பாள், நான் கிடங்கில் இருப்பேன், பள்ளி விட்டு வந்து இவளே கதவைத் திறந்துகொள்வாள். கழுத்தில் நீல நாடாவில் சாவி தொங்கும். அந்த நாடாவை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். பொறுப்பான பெண் என்று பெருமையாக இருந்தது. அவளுக்குச் சாவி என்றால் வளர்ந்துவிட்டோம் என்ற பெருமை, எனக்கோ பூட்டிய வீடு. ஒரே சாவிதான். அதை இவள் ஒரு நாட்டிலிருந்து படிக்கிறாள், நான் வேறொரு நாட்டிலிருந்து படிக்கிறேன் என்று தோன்றியது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். விட்டேனா?

“தச்சனைப் பாரு. பலகை இழைக்கறான். எதுக்கு? பொணப்பெட்டி செய்ய.”

“மேஜை செய்யலாம்ல?”

“விடிகாலைல எவன் மேஜைக்கு இழைப்பான்?”

செல்வி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். “அவருகிட்ட கேக்காத யாழினி. கல்யாணப் பத்திரிகைய குடுத்தாகூட எத்தனை மணிக்கு எடுக்கறாங்கன்னு கேப்பாரு.”

ஆனாலும் யாழினி கேட்டாள். சாவி விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் சந்தேகம் தட்டியிருந்தது. துக்கக் குரலில் எப்படிச் சொல்வது என்று என்னைப் படித்துக்காட்டச் சொன்னாள். பன்னிரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்த குரல். நடுவீட்டில் நின்று, முதல் வணக்கத்திலிருந்தே தழுதழுக்க ஆரம்பித்தேன். ரொட்டிக்காரன் தழுதழுத்தான், குதிரை தழுதழுத்தது. கோழிச் சண்டைக்கு வந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். கீழ்வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் சுகம்தானே என்று விசாரித்தார். செல்வி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டாள்.

5

ஆசிரியை முன்னால் யாழினி அப்படியே வாசித்துவிட்டு வந்தாள். வந்ததும் பையைத் தூக்கி சோபாவில் போட்டாள்.

“என்னம்மா சொன்னாங்க?”

“ஃபர்ஸ்ட் லைன்லயே முடிவைச் சொல்லிட்டன்னு சொன்னாங்க. அப்புறம் அவரோட தெருவுல நாங்க எதுக்கு நடக்கணும்னு கேட்டாங்க. இப்படிப் படிச்சா இடம் கஷ்டம்னும் சொன்னாங்க.”

“சாவி?”

“சாவி பத்தி எழுதினது நல்லாருக்காம். அது உன்னோடது.” ஷூவைக் கழற்றி ஓரமாகத் தள்ளினாள். “படிச்சதும் உன்னோடதுதான். இனிமே நீ எதுவும் சொல்லாத, ப்ளீஸ்.”

மறுநாள் கிடங்கில் பெட்டி அடுக்கும்போதெல்லாம் அந்த ஆசிரியை சொன்னதுதான் மனதில் ஓடியது. யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. மைக் ஆட்டோவில் போகிறவன் முடிவை மறைக்கக் கூடாது. எந்த வாசலில் கேட்டாலும் யார் செத்தார் என்று தெரிய வேண்டும். ஆனால் கவிதையில் வரும் இந்த மனிதர் யாருக்கும் எதையும் அறிவிக்கவில்லை. நம்மையும் கூட்டிக்கொண்டு நடக்கிறார். கோழியைப் பார்த்தால் சிரிக்கிறார். தன் வீட்டு வாசல் வரும்வரை அவருக்கே அது ஞாபகம் இல்லையோ என்னவோ. நான் அந்தப் பிள்ளைக்கு முதல் வாசலிலேயே அழச் சொல்லிக்கொடுத்துவிட்டேன்.

புரிந்தது. ஆனால் சொல்ல வாயில்லை, அதுதான் தடை விதித்துவிட்டாளே. செல்வியிடம் சொன்னேன், அவள் அதை யாழினியிடம் சொன்னாள். எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடும்போதுகூட, ஒருவர் சொன்னதை மூன்றாவது ஆள் மற்றவரிடம் எடுத்துச் சொல்வது எங்கள் வீட்டில் புதிதில்லை.

“அது எனக்கும் தெரியுது,” என்றாள் யாழினி. “ஆனா நான் இப்போ எப்படிப் படிச்சாலும் முடிவு முன்னாடியே வந்துடுது. வாய்ஸ் தானா எறங்குது. சரியா வருதான்னு யாரு சொல்லுவா? கிளாஸ்ல எல்லாருக்கும் இந்தக் கவிதை தெரியும். உங்களுக்கும் தெரியும்.”

“தெரியாத ஆள்கிட்ட படிச்சுக் காட்டு,” என்றாள் செல்வி.

“யாரு இருக்கா?”

“உன் மாமன் இருக்கான். அவனுக்கு என்ன தெரியும்?”

6

குமரேசனுக்கு ஆங்கிலம் வராது. அதனால் யாழினி ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லியாக வேண்டும். ஞாயிறு காலை இங்கே, அங்கே சாயங்காலம். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசை நடுவில் வைத்தோம். நான் வாயைத் திறப்பதில்லை என்ற நிபந்தனையில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

“மருமவளே, எப்படி இருக்க?” என்றான் குமரேசன். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம். “மாமன் சோறு வச்சிட்டிருக்கேன். இன்னிக்குப் பொழுதெல்லாம் காடாம்புலியூர்ப் பக்கம் வண்டி. பலாப்பழத் திருவிழா மாதிரி ஏதோ கடைத் தெறப்பு. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. இல்ல, பொய் சொல்றேன், வண்டிய ஓரங்கட்டி, பென் டிரைவ்ல போட்டுவிட்டுட்டு நான் தூங்கிட்டிருந்தேன்.”

“மாமா, ஒரு கவிதை சொல்றேன். கேக்கறீங்களா? நடுவுல பேசலாம்.”

“பேசலாமா? அப்படின்னா கேக்கறேன்.”

அவள் தொடங்கினாள். “காலை வணக்கம், ரொட்டி செய்யறவரே. உங்க முழங்கால் வரைக்கும் மாவு.”

“முழங்கால் வரைக்குமா? மாவுக்குள்ள எறங்கி மிதிக்கறானா?”

“சாரி, முழங்கை. முழங்கை.”

“அதான பாத்தேன். ரொட்டிய நம்பித் திங்க முடியாதே. ம், அப்புறம்?”

“காலை வணக்கம், குதிரையே. உன் மூச்சு வெள்ளையா மேல போகுது.”

“பீடி புடிக்குதா?”

“குளிர் மாமா.” அவள் சிரித்துவிட்டாள். சிரித்துக்கொண்டே அடுத்த வரிக்குப் போனாள். “காலை வணக்கம், மரவேலை செய்யறவரே. நீங்க பலகையை... சீவறீங்க?”

“இழைக்கறீங்கன்னு சொல்லு. ஆமா, இவரு எதுக்கு எல்லாருக்கும் கும்புடு போட்டுட்டே போறாரு? எலெக்‌ஷன்ல நிக்கறாரா?”

கோழியோடு சண்டை போடும் கிழவர் வந்தபோது, மேலவீதியில் தனக்குத் தெரிந்த ஒருவர் சேவலோடு நடத்தும் வாக்குவாதத்தை அவன் இரண்டு குரலில் நடித்துக்காட்டினான். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். எனக்குக் கடைசி வரி தெரியும். பிணப்பெட்டி வரைக்கும் போனவன் நான். அப்படியும் அந்தச் சேவலில் எல்லாம் மறந்துவிட்டது. தலை வாரும் பெண்ணுக்கு வணக்கம் வைத்ததும் குமரேசன், “இங்கதான் கொஞ்சம் நின்னு பேசியிருப்பாரு, எழுதல,” என்றான்.

யாழினி சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தச் சிரிப்பு இன்னும் குரலில் இருக்கும்போதே கடைசி வரியைச் சொன்னாள்.

“இது என் வீட்டுக் கதவு. சாவி என் பையிலயே இருக்கு.”

போனில் சத்தம் இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்துச் செல்வி கையை நீட்டினாள். அதற்குள் அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறை அடித்தது. அடுப்பை அணைக்க அவன் எழுந்த மாதிரி தெரியவில்லை.

என் மாமனாரும் மாமியாரும் அடுத்தடுத்துப் போன பிறகு சிதம்பரத்து வீட்டில் குமரேசன் மட்டும்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால் ஏதாவது ஜோக் அடித்து எங்களைச் சிரிக்க வைத்துவிடுவான். சிரித்துவிட்டு நாங்களும் போனை வைத்துவிடுவோம்.

“பாப்பா,” என்றான் கடைசியில். “அந்தாளு வூட்டுல யாரும் இல்லியா?”

“தெரியல மாமா. அதுல சொல்லல.”

“ம். இருந்திருந்தா சாவி எதுக்கு.” குக்கர் மறுபடி அடித்தது. “நம்ம வூட்டுச் சாவியும் எங்கிட்டயேதான் இருக்குது. அம்மா இருந்தவரைக்கும் அது எங்க தொங்கும்னுகூட எனக்குத் தெரியாது.”

செல்வி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றாள். யாழினி போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சரி சரி, சோறு கொழைஞ்சிடுச்சு,” என்றான் அவன். “நல்லாருக்குது பாட்டு. உங்கப்பா மைக்குல சொன்னா நாசம் பண்ணிடுவாரு, அவருகிட்ட குடுக்காத.”

7

வாசிப்பு மாலைக்குப் பள்ளிக்கூடத்தில் நுழைவதே ஒரு பாடு. வாசலில் அடையாள அட்டையைக் கணினியில் காட்ட வேண்டும். மகள் பெயர் யாழினி முருகையன். என் பெயர் முருகையன் கோவிந்தன். இரண்டு பேருக்கும் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே, நீங்கள் அவளுக்கு என்ன உறவு என்று அங்கிருந்த அம்மா கேட்டார். அப்பா என்றேன். அப்படியானால் கோவிந்தன் யார்? அவர் என் அப்பா. அப்போது முருகையன்? அது நான். அவர் என்னை இரக்கத்தோடு பார்த்துவிட்டு, ‘மிஸ்டர் கோவிந்தன்’ என்று ஒரு ஸ்டிக்கரை அடித்துச் சட்டையில் ஒட்டினார். முதுநகரில் உரக்கடை வைத்திருந்து காலமான என் தகப்பனார், பேத்தி கவிதை வாசிப்பதைக் கேட்க அப்படி உள்ளே வந்தார்.

“பின்னாடி உக்காரு,” என்று யாழினி முன்பே சொல்லியிருந்தாள். “வாய அசைக்காத.”

அவள் முறை வந்தது. கையில் தாள் இல்லாமல் எழுந்து போனாள். முதல் வணக்கத்தைச் சொல்லும்போதே, எதிரில் உண்மையாகவே ஒரு ரொட்டிக்காரன் நிற்கிற மாதிரி முகம் மலர்ந்தது. குதிரைக்கு வந்தபோது முன்வரிசையில் யாரோ லேசாகச் சிரித்தார்கள். கோழிக்கு அரங்கமே சிரித்தது. அவளும் அவசரப்படவில்லை, சிரிப்பு அடங்கக் காத்திருந்து அடுத்த வாசலுக்குப் போனாள். எனக்கு ஆங்கிலம் முழுதும் பிடிபட்டதென்று சொல்ல மாட்டேன். ஆனால் தெரு தெரிந்தது.

தலை வாரும் பெண்ணுக்கு வணக்கம் சொன்னாள். பிறகு கடைசி வரி. குரலை இறக்கவில்லை, தழுதழுக்கவில்லை. நேரம் என்ன என்று கேட்டால் சொல்வார்களே, அந்த மாதிரி சொன்னாள். சொல்லிவிட்டு உடனே வந்து உட்காரவில்லை. அங்கேயே நின்றாள்.

எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரும் கை தட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் கால்சட்டைப் பையில் கையை விட்டார். உள்ளே சாவிக்கொத்து கிலுங்கியது. அவர் சட்டென்று கையை எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் கைதட்டல் வந்தது.

அடுத்த வாரம் பெயர்கள் வந்தன. யாழினிக்கு இடம் கிடைத்துவிட்டது. விஷயத்தைச் சொல்லிவிட்டு, எதுவும் நடக்காதது மாதிரி பிரிட்ஜைத் திறந்து தயிர் எடுத்தாள். என்னால்தான் உட்கார முடியவில்லை. நடுவீட்டில் ரெண்டு சுற்று நடந்தேன்.

“டீச்சர் ஒண்ணு கேட்டாங்கப்பா,” என்றாள். “கடைசில நின்னியே, அது யாரு சொல்லிக்குடுத்ததுன்னு.”

நான் அடக்கமாக முகத்தை வைத்துக்கொண்டேன். “என்னம்மா சொன்ன?”

“எங்க மாமான்னு சொன்னேன். அவரு ஒண்ணும் சொல்லிக்குடுக்கல, சும்மா பேசாம இருந்தாரு, அவ்ளோதான்னு சொன்னேன்.”

அன்றைக்கே குமரேசனைக் கூப்பிட்டு நடந்ததையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். வண்டியை எங்கோ நிறுத்தியிருந்தான். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது. பொறுமையாகக் கேட்டான்.

“பேசாம இருந்ததுக்கா மாமா இடம் குடுத்தாங்க?” என்றான்.

“ஆமாண்டா மச்சான்.”

“அப்படின்னா அந்த ஊர்ல நானும் பொழைச்சுக்குவேன் போலிருக்குதே.”

எப்போதும் போல எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இந்தத் தடவை சிரித்துவிட்டுப் போனை வைக்கவில்லை. “சாப்டியாடா?” என்று கேட்டேன். அவன் இல்லை என்றான். என்ன சமைக்கப் போகிறாய் என்று கேட்டேன். யாழினி தயிர்க் கிண்ணத்தோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டாள்.